பாஸ்போர்ட் வேண்டாம், பாய் போதும்!

இரண்டு நாட்டுக் கடற்படை, இரண்டு மறைமாவட்டங்கள், யாழ்ப்பாணத்தில் ஒரு மாவட்டச் செயலகம், அதே ஊரில் ஓர் இந்தியத் துணைத் தூதரகம், சுங்கத்துறை, மீன்வளத்துறை, போலீஸ். இத்தனை பேரும் ஆண்டுக்கு ஒருமுறை மண்டையை உடைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். எதற்கு? ராமேஸ்வரத்து அக்கா ஒருத்தி, யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தியிடம் பேரம் பேசி நாலு சோப்பு வாங்குவதற்கு!

சிரிக்காதீங்க. கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவை முன்வாசல் வழியாகப் பார்த்தால் கொடி, தேர், திருப்பலி. கொல்லைப்புறம் வழியாகப் பார்த்தால் சோப்பு, கைலி, தேங்காயெண்ணெய், கண்ணீர், கலாய்ப்பு. இன்றைக்கு நாம் கொல்லைப்புறமாகத்தான் போகிறோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், மணல் சுடும்.

முதல் தூது, ஒரு அழைப்பிதழ்

மொத்தமே 285 ஏக்கர். ஊர் கிடையாது, குடிநீர் கிடையாது, நிரந்தரமாக ஒரு குடும்பம் கிடையாது. ஒரு பக்கம் ராமேஸ்வரம், மறுபக்கம் நெடுந்தீவு, நடுவில் பாக் நீரிணையில் முட்புதரோடு கிடக்கும் இந்தத் தீவை 1974 ஜூன் மாத ஒப்பந்தம் இலங்கையின் பக்கம் வைத்தது. இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் போட்ட கையெழுத்து. அது சரியா தப்பா என்று தமிழ்நாட்டு மேடைகளில் இன்றும் மைக் சூடாகிறது. அந்தச் சூட்டை அங்கேயே விட்டுவிட்டு, ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவுக்கு வாருங்கள். இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்பு போலவே கச்சத்தீவுக்கு வந்து போகலாம். அதற்குப் பயணப் பத்திரமோ விசாவோ இலங்கை கேட்காது என்பது அதன் சாரம்.

யோசித்துப் பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்களே, அதில் ஏற பாஸ்போர்ட் வேண்டும். கச்சத்தீவுக்கு? ஆதார் அட்டையும், கட்டுச்சோறும், சுருட்டிய பாயும் போதும்.

போதும் என்று வாயால் சொல்லிவிட்டேன். அதற்குப் பின்னால் நடக்கும் கூத்து வேறு. கொடியேறுவதற்கு வாரக்கணக்கில் முன்பே நெடுந்தீவுப் பங்குத்தந்தையிடமிருந்து ராமேஸ்வரம் வேர்க்கோடு புனித சூசையப்பர் ஆலயப் பங்குத்தந்தைக்கு அழைப்பிதழ் வருகிறது. கல்யாணப் பத்திரிகை மாதிரிதான்: "சுற்றமும் நட்பும் சூழ" வரவேண்டும். வெளியுறவு அமைச்சகங்கள் அப்புறம்தான். இரு நாட்டுக்கும் நடுவே அந்த வருடத்தின் முதல் தூது, ஒரு சாமியார் இன்னொரு சாமியாருக்கு எழுதும் கடிதம்!

பத்திரிகை வந்ததுமே வேர்க்கோட்டில் விண்ணப்பப் படிவம் பறக்கும். பெயர், வயது, முகவரி, அடையாள அட்டை நகல். எந்தப் படகில் யார், ஓட்டுநர் யார், உயிர்காப்புச் சட்டை எத்தனை என்று பட்டியல் போட்டு, அதை போலீஸ் ஒருமுறை, மற்ற துறைகள் ஒருமுறை சலித்து எடுக்கும். பட்டியலில் பெயர் விட்டுப்போன பெரியம்மாவைச் சமாதானப்படுத்துவதை எந்தப் பயிற்சி நிலையத்திலும் சொல்லித் தருவதில்லை. அதற்குப் பங்குத்தந்தையாகவோ படகு உரிமையாளராகவோ இருக்க வேண்டும்.

அக்கரை சமையலறை

இக்கரையில் பட்டியல் என்றால் அக்கரையில் பாத்திரம். யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் கூட்டம் போட்டு உட்காருகிறார்கள். மேசையைச் சுற்றி ஆயர் இல்லத்தவர், கடற்படை, பொலிஸ், சுகாதாரத் துறை, நெடுந்தீவுப் பிரதேச செயலகம், இந்தியத் துணைத் தூதரகம். பேச்சு எதைப் பற்றி? எல்லைக்கோடு பற்றியா? கழிப்பறை எத்தனை, குடிதண்ணீர் எவ்வளவு, குறிகட்டுவான் துறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் எத்தனை மணிக்கு!

ஆயிரக்கணக்கானோர் ஓரிரவு தங்கும் தீவில் ஒரு குடம் நல்ல தண்ணீர் கிடையாது என்பதை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், விளக்குக்கு மின்சாரம், இறங்க தற்காலிக மேடை, இராச்சாப்பாடு, காலைச்சாப்பாடு எல்லாமே கடல் வழியாக வந்தாக வேண்டும். இதில் பெரும்பாரம் இலங்கைக் கடற்படையின் தோளில்.

ஆமாம், அதே கடற்படைதான். எல்லை தாண்டினாய் என்று படகைப் பிடித்துக்கொண்டு போகும் கடற்படை. 2024-ஆம் ஆண்டில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்களைக் கைது செய்த கடற்படை. திருவிழா நாளில் அதன் சிப்பாய் ஒருவர், ஆடும் படகிலிருந்து இறங்கத் தடுமாறும் தங்கச்சிமடத்துப் பாட்டிக்குக் கை நீட்டுகிறார். பாட்டிக்கு அந்தக் கையைப் பிடிப்பதா வேண்டாமா என்று ஒரு நொடி யோசனை. அடுத்த அலை அடிக்கிறது. பாட்டி பிடித்துவிடுகிறார்! நம்பிக்கை வளர்க்கும் நடவடிக்கை என்று தூதர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை ஓர் அலை ஒரு நொடியில் முடித்துவைக்கிறது.

படகுகளும் அன்றைக்கு வேஷம் மாற்றிக்கொள்கின்றன. திருவிழாவுக்காக ராமேஸ்வரத்தில் மீன்பிடிக்கு விடுமுறை. கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு, துறைமுகத்து பாஷையில் டோக்கன், அந்த நாட்களில் கிடையாது. வலை கரையில். வலை கிடந்த இடத்தில் பாய், ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் குழந்தைகள், கம்பத்தில் தோரணம். இஞ்சின் மட்டும் அதே பழைய இஞ்சின், அதே டீசல் வாடை. திங்கட்கிழமை இதே இடத்தில் நின்றால் சிறைபிடிக்கப்படக்கூடிய படகு, வெள்ளிக்கிழமை ராஜமரியாதையோடு நுழைகிறது. படகுக்குப் பேசத் தெரிந்தால் குழம்பிப்போய் நம்மிடமே வழி கேட்கும்.

கடலையா, கச்சானா?

இறங்கியாயிற்று. இனிமேல்தான் வேடிக்கை.

இருபக்கமும் பேசுவது தமிழ். ஆகவே மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். "கொஞ்சம் கதைப்பமே?" என்று யாழ்ப்பாணத்து அண்ணை கேட்பார். நம் ஆள், ஏதோ கதை சொல்லப் போகிறார் என்று சம்மணம் போட்டு உட்காருவார். "கைலி எடுத்துட்டு வந்துருக்கேண்ணே" என்று இவர் சொல்ல, "ஓ, சாரமோ!" என்று அவர் முகம் மலரும். டீ கேட்டால் தேத்தண்ணி வரும். ரொட்டி என்று இவர்கள் சொல்வது அங்கே பாண்.

உச்சம், கச்சான். ராமேஸ்வரத்துக் கடலோடிக்குக் கச்சான் என்றால் காற்று. பாய்மரக் காலத்திலிருந்து பயந்து மரியாதை கொடுக்கும் காற்று. யாழ்ப்பாணத்திலோ வறுத்து, காகிதச் சுருளில் போட்டு, கோயில் திருவிழாவில் விற்கும் வேர்க்கடலைக்கும் அதே பெயர். "கச்சான் வேணுமோ அண்ணை?" என்று ஒரு சிறுமி கேட்டால், முப்பது வருடம் கடலில் கிடந்தவர் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பாரா, மாட்டாரா?

சிங்களமும் உண்டு, மறந்துவிடாதீர்கள். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களும் மூட்டை முடிச்சோடு வருகின்றன. வழிபாடு தமிழிலும் நடக்கிறது, சிங்களத்திலும் நடக்கிறது. பாஷை தெரியாத இரண்டு பெண்கள் ஒரு மெழுகுவத்தியிலிருந்து இன்னொன்றைப் பற்றவைத்துக்கொள்ள மொழி எதற்கு? காற்று அணைத்தால் இருவரும் ஒரே மாதிரி "ச்ச்" என்கிறார்கள். அதற்கு எந்த நாட்டு அகராதியும் தேவைப்படவில்லை.

சோப்பு மாநாடு

இப்போது அந்தச் சோப்பு விவகாரம். திருவிழாவுக்காக யாழ்ப்பாணத்து வியாபாரிகள் தற்காலிகக் கடை போடுகிறார்கள். நம்மவர்களின் குறி சோப்பு, தேங்காயெண்ணெய், கிராம்பு, ஏலக்காய் போன்ற வாசனைச் சாமான்கள். ராமேஸ்வரம் பக்கத்தில் "சிலோன் சோப்பு" என்ற பெயருக்கே தனி மவுசு. பீரோவில் சேலைக்கு நடுவே வைத்து மணம் ஏற்றிய பிறகுதான் குளியலறைக்கே போகும். அவர்களுக்குப் பிடித்தது நம் கைலியும் சேலையும். பண்டமாற்று, பேரம், "அண்ணே இது ஜாஸ்தி", "ஐயோ தங்கச்சி, கட்டாது" எல்லாம் ஒரே இரைச்சல். இந்திய ரூபாய் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் மூன்றுக்கும் மேல். கணக்குப் போட விரல் போதாது. கடைசியில், "சரி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று மிச்சத்தை விட்டுக்கொடுப்பவர்களும் உண்டு. அடுத்த வருடம் பார்ப்போம் என்ற நம்பிக்கையில் பாக்கி வைப்பதைவிடப் பெரிய சமாதான உடன்படிக்கை ஏதாவது இருக்கிறதா?

முந்தைய தலைமுறையைக் கேட்டால் சோப்போடு நிற்க மாட்டார்கள். கச்சத்தீவில் பெண் பார்த்தது, சம்பந்தம் பேசியது என்று கதைகள் நீளும். அது இலங்கை வானொலியில் ராமேஸ்வரம் வீடுகள் விழித்தெழுந்த காலம். அதன் அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பைக் கேட்டே தமிழ் திருத்திக்கொண்டவர்கள் தமிழ்நாட்டில் கொஞ்சநஞ்சம் இல்லை. குரல் தெரிந்த அளவுக்கு முகம் தெரியாத அண்டை வீடு அது. வருடத்துக்கு இரண்டு நாள் முகமும் தெரிந்தது.

பிறகு இலங்கையில் போர் வந்தது. திருவிழா பல ஆண்டுகள் நின்றுபோனது. அக்கரையிலிருந்து தப்பி வந்தவர்களில் பலருக்கு மண்டபம் அகதிகள் முகாம் முகவரியானது. இன்றைக்கும் திருவிழாக் கூட்டத்தில் பேரம் பேசும் இரைச்சலுக்கு நடுவே திடீரென்று ஒரு மூலை மட்டும் அமைதியாக இருக்கும். எட்டிப் பார்த்தால் இரண்டு கிழவிகள் ஒருவர் கன்னத்தை ஒருவர் தடவிக்கொண்டிருப்பார்கள். சொந்தம். அந்த இடத்தில் கேமராவை நீட்டாமல் நகர்ந்துவிடுவது நல்லது.

கோடி அற்புதருக்கு வந்த மனுக்கள்

கோடி அற்புதர் எனப்படும், தீவின் தலைவரான அந்தோனியார் இத்தாலியின் பதுவாவில் அடக்கமானவர், பிறந்தது போர்த்துகல்லின் லிஸ்பனில். அவரே வெளிநாட்டுக்காரர்தான்! அவருடைய திருநாள் ஜூன் 13. கச்சத்தீவில் மட்டும் கொண்டாட்டம் மாசி பங்குனியில், தவக்காலத்தில். ஜூன் 13 அன்று விசைப்படகெல்லாம் மீன்பிடித் தடைக்காலத்தில் கட்டிக் கிடக்கும், காற்றும் முறுக்கிக்கொண்டிருக்கும். மாசியில் கடல் பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. புனிதரும் அனுசரித்துப் போகிறார்.

முதல் கோயிலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி கட்டினார் என்று சொல்வார்கள். இப்போதுள்ள புதுக் கோயிலைக் கட்டியது இலங்கைக் கடற்படை. 2016 டிசம்பர் 23 அன்று யாழ்ப்பாண ஆயர் அபிஷேகம் செய்தார். அந்த விழாவுக்கு முதலில் குறித்திருந்த நாள் டிசம்பர் 7. ஜெயலலிதா 5-ஆம் தேதி இரவு காலமானதால் தள்ளிவைத்தார்கள். கச்சத்தீவை மீட்டே தீருவேன் என்று வழக்குப் போட்ட முதலமைச்சர் அவர். அவர் இறந்ததற்காகக் கச்சத்தீவின் கோயில் விழாவே காத்திருந்தது. கடலோரத்து மரியாதை இப்படித்தான். சண்டை வேறு, சாவு வேறு.

அந்தோனியாருக்கு இன்னொரு வேலையும் உண்டு. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் என்று உலகெங்கும் பெயர். பாக் நீரிணையில் அவருக்கு ஓவர்டைம். ராமேஸ்வரத்துப் பெண், இலங்கையில் பிடிபட்டுக் கிடக்கும் படகு திரும்பக் கிடைக்க வேண்டும் என்று மெழுகுவத்தி ஏற்றுகிறாள். பக்கத்தில் நெடுந்தீவுப் பெண், அறுந்துபோன வலைக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று ஏற்றுகிறாள். அந்த வலையை அறுத்தது இந்தப் படகாகவே இருக்கலாம். இருவரும் ஒரே நேரத்தில் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். பாவம், புனிதர் எந்த மனுவுக்குக் கையெழுத்துப் போடுவார்?

மணலில் உட்கார்ந்த வழக்கு

சிரிப்பு கொஞ்சம் அடங்கட்டும். இந்த வழக்கு கெட்டியானது.

போர்க்காலத்தில் இலங்கையின் வடக்கு மீனவர்களால் கடலுக்குள் போக முடியவில்லை. ஆளில்லாத கடலில் தமிழ்நாட்டு விசைப்படகுகள் பழகின. 2009-இல் போர் முடிந்து அவர்கள் வலையோடு திரும்பி வந்தபோது, இவர்களுக்கு அந்தப் பாடு ஒரு தலைமுறைப் பழக்கமாகிவிட்டது. அவர்களுடையது பெரும்பாலும் சிறு படகு, நைலான் செவுள்வலை. இவர்களுடையது அடிமட்டத்தை வாரி இழுக்கும் மடி. யாழ்ப்பாணத்தில் 'இழுவைமடி' என்று சொல்லும்போதே பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்கும். 2017-இல் இலங்கை அந்த முறையைச் சட்டப்படி தடை செய்தது. இந்தப் பக்கமோ கடன் வாங்கிக் கட்டிய படகு, நெருக்கமான கடல், கூப்பிடு தூரத்தில் கோடு.

அரசாங்கங்கள் சொல்லிப் பார்த்தன. மீனவர்களே நேருக்கு நேர் உட்கார்ந்தும் பார்த்தார்கள். 2004-இல் இங்கிருந்து ஒரு நல்லெண்ணக் குழு அங்கே போனது. 2010-இல் அவர்கள் இங்கே வந்தார்கள். 2014-இல் சென்னையிலும் கொழும்பிலும், 2015-இல் மறுபடி சென்னையில், 2016-இல் டெல்லியில் பேச்சு. ஒரு பக்கம், "இழுவைமடியை நிப்பாட்டுங்கோ." மறுபக்கம், "மூணு வருஷம் டைம் குடுங்கண்ணே." தீர்வு வந்ததா? வரவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள்: முறைத்துக்கொண்டு எழுந்து போனவர்களும் எதிரே இருப்பவர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொண்டு போனார்கள்.

கோபம் திருவிழாவையும் தொட்டிருக்கிறது. 2017 மார்ச்சில், திருவிழாவுக்குச் சில நாள் முன்பு ராமேஸ்வரத்து இளைஞர் ஒருவர் கடலில் சுடப்பட்டு இறந்தார். அந்த ஆண்டு இக்கரைப் படகுகள் போகவில்லை. 2024-இல் மீனவர்களுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததை எதிர்த்து மறுபடி புறக்கணிப்பு. கொடி ஏறியது, தேர் நகர்ந்தது, பாதித் திருவிழா காணாமல் போயிருந்தது. ஐந்தாவது பிரிவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. காகிதம் பத்திரமாகத்தான் இருந்தது. ஆள் வராததால் தீவு வெறும் தீவாகிவிட்டது.

அதனால்தான் 2025 மார்ச் 14 அன்று ராமேஸ்வரத்திலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் படகேறியபோது, கணக்கு எழுதிய அதிகாரிகளின் முகத்திலும் ஒரு சின்ன நிம்மதி தெரிந்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். அதே மாதக் கடைசியில் ராமேஸ்வரத்து மீனவப் பிரதிநிதிகள் வவுனியாவுக்குப் போய் வடக்கு மீனவர்களோடு உட்கார்ந்தார்கள். பழைய வழக்கு, பழைய வாதம், புதிய தேத்தண்ணி.

இரவு, பகல், திங்கள்

வெள்ளி மாலை கொடி ஏறுகிறது. பதினான்கு நிலைகளில் சிலுவைப்பாதை. இருட்டியதும் விளக்கு அலங்காரத்தில் தேர்பவனி. அதன் பிறகு யாரும் அறிவிக்காத நிகழ்ச்சி ஒன்று உண்டு: தூக்கம். கைக்குழந்தை அழுகிறது, எந்த நாட்டுக் குழந்தை என்று தெரியவில்லை. யாரோ குறட்டை விடுகிறார்கள், அது சர்வதேசக் குறட்டை. பாய்கள் எல்லை பார்த்து விரிக்கப்படுவதில்லை.

சனி காலைத் திருப்பலி முடிந்து கொடி இறங்குகிறது. அதற்குள் மூட்டைகள் கட்டியாயிற்று. வரும்போது கைலியால் கனத்த பை, போகும்போது சோப்பால் கமகமக்கிறது. "போயிட்டு வாறம்." "வாங்கோ, அடுத்த முறை பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ." படகுகள் ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே.

அப்புறம் திங்கட்கிழமை வரும். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகளின் முறை திங்கள், புதன், சனி. டோக்கன் தருவார்கள், வலை ஏறும், அதே இஞ்சின் அதே தண்ணீரைக் கிழிக்கும். இருட்டில் எதிரே ஒரு சிறு படகின் விளக்கு தெரிந்தால், அதில் இருப்பவர் முந்தாநாள் கைலி வாங்கிய அண்ணையாக இருக்கலாம். ஓட்டுநர் சுக்கானை ஒரு சுற்றுச் சுற்றி வலையைத் தவிர்த்துப் போவாரா, நேரே போவாரா? அதை எந்த ஒப்பந்தமும் எட்டிப் பார்க்காது. அந்த நொடியில் அவர் நினைவுக்கு ஒரு முகம் வருகிறதா என்பதுதான் விஷயம்.

இதற்கிடையில் வீட்டில் சோப்பு தேய்ந்துகொண்டே இருக்கும். கடைசித் துண்டும் கரைந்த பிறகு, வேர்க்கோட்டு வாசலில் யாராவது ஓர் அக்கா கேட்பாள்: "சாமி, நெடுந்தீவுலருந்து பத்திரிகை வந்துருச்சா?"